ஆள் வருது

அந்தக் கட்டைப்பையை பஸ் ஜன்னல் வழியாக உள்ளே போட்டது நான்தான். யாரும் என் கையைப் பிடித்துப் போடச் சொல்லவில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஏனென்றால் இந்த வாரம் நிறையப் பேரைத் திட்டப்போகிறேன்.

அரியலூர் பேருந்து நிலையம். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஓர் ஆவணி மாதம், காலை எட்டே முக்கால் இருக்கும். பெரம்பலூர் பஸ் நுழைவாயிலில் மூக்கை நீட்டியதுமே ஐம்பது அறுபது பேர் அதன் பக்கவாட்டில் ஓட ஆரம்பித்தோம். பஸ் நிற்கவில்லை. அது நிற்க வேண்டிய இடத்தில் நான்கு பைக்கும், ஒரு கொய்யாப்பழ வண்டியும், ஒரு ஷேர் ஆட்டோவும் நின்றிருந்தன. பஸ் உருண்டுகொண்டே இருந்தது. நாங்களும் உருண்டோம்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். இடது பக்கம், மூன்றாவது ஜன்னல். கம்பிக்கு மேலே இருந்த சந்தில் பையைத் திணித்தேன். சீட்டில் தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது. அடடா, அந்தச் சத்தம்! பத்திரப்பதிவு முடிந்த மாதிரி இருந்தது.

போன வாரம் இந்தப் பத்தியில், அரசாங்க வேலைக்கு மூன்றாவது முறை பரீட்சை எழுதித் தேறிய கதையை எழுதியிருந்தேன். வேலை கிடைத்துவிட்டதாக நினைத்து நிறையப் பேர் வாழ்த்தினீர்கள். நன்றி. அவசரப்பட்டு விட்டீர்கள். தேறினால் வேலை இல்லை. சான்றிதழ் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது. அசல் சான்றிதழ்களோடு, சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், பெரம்பலூரில் ஓர் அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெயர். இன்னொரு தடவை பரீட்சை எழுத எனக்கு வயது இருந்தது. தெம்பு இல்லை.

அன்றைக்குத்தான் அந்த நாள். பதினோரு மணிக்கு.

பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல், டிகிரி, சாதிச் சான்றிதழ் எல்லாம் அந்தக் கட்டைப்பைக்குள்தான் இருந்தன. எல்லாம் அசல். என் போனும் அதற்குள். மேலே ஒரு டிபன் பாக்ஸில் எலுமிச்சம்பழச் சாதம். என் கையில் இருந்தது ஒரு சின்ன பர்ஸ் மட்டும்.

பை போட்டாயிற்று. இனி என்ன அவசரம் என்று பாத்ரூம் போனேன்.

எதையெல்லாம் போடுவோம்

சீட்டில் பொருள் போட்டு இடம் பிடிப்பது எங்கள் பக்கத்தில் மட்டும் உள்ள பழக்கம் இல்லை. ஆனால் நாங்கள் அதில் கொஞ்சம் கூடுதலாகத் தேர்ந்தவர்கள்.

துண்டு, கைக்குட்டை எல்லாம் பாலர் வகுப்பு. நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன். குடை. தண்ணீர் பாட்டில். ஹெல்மெட். பைக்கில் வந்தவர் ஹெல்மெட்டைப் போட்டு ஏன் பஸ்ஸில் இடம் பிடித்தார் என்று இன்றுவரை தெரியாது. ஒற்றைச் செருப்பு. அந்த ஆள் இன்னொரு காலில் செருப்போடு நொண்டி நொண்டி வந்து ஏறினார். ஒரு முறை மீன்சுருட்டிக்காரர் ஒருவர் ஒரு முழுப் பலாப்பழத்தை உள்ளே தள்ளப் பார்த்தார். பழம் கம்பியில் சிக்கிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அன்றைக்கு அந்த பஸ் பலாப்பழத்தை ஜன்னலில் சுமந்துகொண்டு ஜெயங்கொண்டம் வரை போனது.

குழந்தையையும் போடுவார்கள். கேட்டால், "பாரமா இருக்கு, ஒக்கார வெச்சேன்" என்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது போடுகிறவர்களை இல்லை. மற்றவர்களை.

அரியலூரில் ஒருவழிப்பாதைப் பலகைக்குக் கீழேயே எதிர்த்திசையில் வருகிறவரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பலகையில் சாய்ந்து நின்று டீ குடிக்கிறவரையும் பார்த்திருக்கிறேன். சிவப்பு விளக்கு எரிந்தால், "போலீஸ் இருக்கா?" என்று கேட்கிறவர்கள்தான் நாங்கள். ரேஷன் கடை வரிசை, ஆஸ்பத்திரி வரிசை, கோயில் வரிசை எதையும் மதித்தது கிடையாது. ஆனால் பஸ் சீட்டில் ஓர் அழுக்குக் கைக்குட்டை கிடந்தால் போதும். எப்பேர்ப்பட்ட ரவுடியும் ஒதுங்கி நிற்பான்.

"ஆளு வருதா?"

"ஆளு வருதுங்க."

அவ்வளவுதான். வழக்கு முடிந்தது. அப்பீல் கிடையாது.

போக்குவரத்தைச் சீர்படுத்த நாற்சந்தியில் தடுப்பு வைக்கிறார்கள், குடை வைக்கிறார்கள், கோடு போடுகிறார்கள். கோட்டின் பெயின்ட் காய்வதற்குள் அதன்மேல் கரும்பு ஜூஸ் வண்டி நிற்கிறது. என் யோசனை இலவசம். ரோட்டில் ஒரு பெரிய துண்டைப் போடுங்கள். ஒருத்தனும் மிதிக்க மாட்டான்.

பைக்குக் காது கிடையாது

பாத்ரூமில் எனக்கு முன்னால் பன்னிரண்டு பெண்கள். முகூர்த்த நாள். பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவும் பினாயில் வாசனையும் கலந்து ஒரு மாதிரி தலையைச் சுற்றியது. நான் பதறவில்லை. என் பைதான் உட்கார்ந்திருக்கிறதே.

வெளியே வந்தபோது பஸ் இல்லை.

நேரக் காப்பாளர் அறைக்குப் போனேன். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்கிறவர் அவர்தான். கம்பி போட்ட ஜன்னலுக்குள் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், பெரம்பலூர் பஸ் எங்க?"

"எந்தப் பெரம்பலூர் பஸ்சு?"

"இப்ப இங்க வந்துச்சே சார்."

"அது திருமானூர் போயிடுச்சும்மா."

"பெரம்பலூர்னு போர்டு போட்டிருந்துச்சே!"

"போட்டிருந்துச்சு. நாப்பது நிமிசம் லேட்டா வந்துச்சு. டவுனுக்குள்ள மாட்டிக்கிச்சாம். லேட்டா வந்தா அந்த ட்ரிப்பு போச்சு. திருமானூருக்குக் கூட்டம் நின்னுச்சு, போர்ட மாத்தி அனுப்பிட்டோம். கண்டக்டரு தொண்டை கிழியக் கத்துனாரே, காதுல வுழலயா?"

"நான் பாத்ரூம்ல இருந்தேன்."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? அங்க வந்தா கத்த முடியும்?"

பெரம்பலூருக்கு ஏறியிருந்தவர்கள் எல்லாம் திட்டிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். என் பை இறங்கவில்லை. பைக்குக் காது கிடையாது. பெரம்பலூர் வடமேற்கே இருக்கிறது. திருமானூர் தெற்கே, கொள்ளிடக்கரையில் இருக்கிறது. என் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, சாதி எல்லாம் கொள்ளிடத்தைப் பார்க்கக் கிளம்பிவிட்டன.

விஷயத்தைச் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். கத்திக்கொண்டு சொன்னேன். அவர் நோட்டை மூடினார். அதுவே பெரிய விஷயம்.

"சர்டிபிகேட்டயா போட்ட? ஏம்மா, படிச்ச புள்ளதான நீ?"

"படிச்சதுக்குத்தான் சார் சர்டிபிகேட்."

கண்டக்டருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. என் நம்பரைக் கேட்டு அடித்தார். மணி போனது. போனது. போனது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். எங்கேயோ போய்க்கொண்டிருக்கும் பஸ்ஸில், என் சான்றிதழ்களுக்கு மேல், என் போன் கத்திக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

"எப்ப கெளம்புச்சு சார்?"

"அது ஆச்சு, பத்து நிமிசம்."

பத்து நிமிடம் என்றால் வேறு ஊரில் ஏழெட்டுக் கிலோமீட்டர்.

நடக்கிறதுதான் எக்ஸ்பிரஸ்

வாசலில் ஓர் ஆட்டோ. டிரைவர் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

"அண்ணே, திருமானூர் பஸ்ஸப் புடிக்கணும். சீக்கிரம்."

அவர் எழுந்திருக்கவே இல்லை. தலையை மட்டும் திருப்பி ரோட்டைக் காட்டினார்.

"ஏறி ஒக்காருங்க, வேணாங்கல. ஆனா ஆட்டோ நவுராது. காலைலேருந்து நான் இதே எடத்துலதான் இருக்கேன். நடந்து போங்கக்கா. இன்னிக்கு நடக்குறதுதான் எக்ஸ்பிரஸ்சு."

சவாரியை வேண்டாம் என்று சொன்ன ஆட்டோக்காரரை என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தேன். நிலைமை எவ்வளவு மோசம் என்று அப்போதுதான் உறைத்தது.

அரியலூர் கடைத்தெருப் பக்கம் முகூர்த்த நாளில் வந்திருக்கிறீர்களா? வராதீர்கள். மண்டபத்துக்கு வந்த கார்கள் மண்டபத்தைத் தவிர எல்லா இடத்திலும் நிற்கும். நகைக்கடை வாசலில் ஒரு வேன். அதற்குப் பின்னால் பள்ளிக்கூட பஸ். அதற்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று இல்லை, வரிசையாக ஆறேழு. எல்லாம் இன்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நின்றன. அந்தச் சூடு முழங்காலில் அடித்தது. வாயைத் திறந்தால் பல்லில் மண் நறநறத்தது.

லாரிகளைத் திட்டுவதில் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. என் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் லாரி டிரைவர். எங்கள் வீட்டில் இந்தச் சண்டை வாராவாரம் நடக்கும்.

"ஒங்க லாரியாலதான் ஊரே நாசமாப் போவுது" என்பேன்.

"லாரி ஓடலன்னா சிமென்ட் ஏது? சிமென்ட் இல்லன்னா இந்த வூடு ஏது? எறங்கு, மரத்தடியில போய் நின்னு திட்டு" என்பார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இன்னும் கோபம் வரும்.

அன்றைக்கு அந்த லாரிகளின் சந்தில் நுழைந்து நுழைந்து ஓடினேன். வலது கால் செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். நாற்சந்தியில் குடைக்குக் கீழே ஒரு போலீஸ்காரர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். ஊதவில்லை. ஊதி ஊதி ஓய்ந்துபோயிருந்தார்.

"சார், திருமானூர் பஸ்ஸு இப்படிப் போச்சா?"

விசிலை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"இன்னிக்கு இந்த ரோட்டுல எதுவுமே போவலம்மா. எல்லாம் நிக்கிது. போயிருந்தாத்தான எங்க போச்சுன்னு சொல்றதுக்கு?"

"அப்ப திருமானூர் பஸ்சும் நிக்கிதா?"

"நிக்காம பறக்கவா செய்யும்? முன்னால போய்ப் பாரு. என்ன கையில செருப்போட வர்ற? யார அடிக்கப் போற?"

அந்த நேரத்தில் எனக்கு ஒரு பெரிய பட்டியலே இருந்தது.

ஆட்டின் தயவு

கால் மணி நேர ஓட்டம். எந்த ரோட்டை வருடக்கணக்காகச் சபித்தேனோ, எந்த நெரிசலைப் பற்றி மனு எழுதிக் கொடுத்தேனோ, அது அன்றைக்கு ஓர் அங்குலம்கூட நகரக் கூடாது என்று வேண்டிக்கொண்டு ஓடினேன். யாராவது ஓர் ஓட்டுநர் லாரியைக் கொஞ்சம் பின்னால் எடுத்து வழிவிடப் பார்த்தால் கையைக் காட்டித் தடுத்தேன். "அண்ணே, எடுக்காதீங்க!" என்று ஒருவரிடம் கத்தியே விட்டேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

நெரிசலின் தலை எங்கே என்று அங்கே போனபோது தெரிந்தது. ஒரு காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் போய்க்கொண்டிருந்தது. முன்னால் செண்டை மேளம். அதற்குப் பின்னால் நூறு தட்டு. தட்டில் ஆப்பிள், பிஸ்கட், பட்டு, ஒரு தட்டில் டேபிள் ஃபேன். கறுப்புக் கண்ணாடி போட்ட தாய்மாமனின் பேனரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அவரே பக்கத்தில் நடந்து வந்தபோதிலும். ரோட்டு நடுவில் சரவெடி.

எல்லோருக்கும் பின்னால், கடைசியாக, மாலை போட்ட ஒரு கிடா. வெடிச் சத்தத்தில் மிரண்டு அது நடுரோட்டில் படுத்துவிட்டது. இழுத்தார்கள். தள்ளினார்கள். தின்னத் தழையைக் காட்டினார்கள். அது அசையவில்லை.

அதற்கு நேர் பின்னால் நின்றது என் திருமானூர் பஸ். டிரைவர் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

"யோவ், ஆட்டத் தூக்குய்யா!"

"நீ எறங்கி வந்து தூக்கு! சீர் ஆடு, மரியாதையா பேசு!"

அந்தக் கிடா மத்தியானத்துக்குள் பிரியாணி ஆகியிருக்கும். அதன் ஆத்மா சாந்தியடையட்டும். என் அரசாங்க வேலைக்கு அதுதான் சிபாரிசு.

கை ஒடிந்தவர் நின்றார்

பின்படிக்கட்டில் ஏறினேன். ஏறினேன் என்றால் ஒருவர் முதுகில் ஒட்டிக்கொண்டேன். பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. படியில் தொங்குகிறார்கள். நடுவில் வெங்காய மூட்டை. வேர்வை நாற்றம், மல்லிகை வாசனை, டீசல் வாசனை. எனக்கு ஒரே பயம்தான். இந்தக் கூட்டத்தில் என் பை என்ன ஆகியிருக்கும்? யாராவது தூக்கி மேலே எறிந்திருப்பார்கள். கீழே தள்ளி மிதித்திருப்பார்கள். அப்படியே எடுத்துக்கொண்டு இறங்கிப் போயிருப்பார்கள்.

தலைகளுக்கு இடையில் எட்டிப் பார்த்தேன். இடது பக்கம், மூன்றாவது ஜன்னல்.

என் பை உட்கார்ந்திருந்தது.

கொஞ்சம் சாய்ந்து, ஜன்னல் காற்று வாங்கிக்கொண்டு, சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. அந்த பஸ்ஸில் காலி சீட் அது ஒன்றுதான். அதைச் சுற்றி நான்கு பேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். அவர்களில் ஒருவருக்கு ஐம்பது வயது இருக்கும். வலது கையில் புதுசாக மாவுக்கட்டு. கழுத்திலிருந்து துணியில் தொங்கியது. இடது கையால் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்றார்.

"அது என் பைங்க" என்றேன்.

மொத்த பஸ்சும் திரும்பியது.

பக்கத்து சீட்டில் காய்கறிக் கூடையோடு இருந்த அம்மாதான் ஆரம்பித்தார்.

"மவராசி வந்துட்டா! எங்கம்மா போன? ஒம் போனு பதினஞ்சு தடவ அடிச்சுப்புடுச்சு. காதே போச்சு."

"எடுத்துப் பேசியிருக்கலாமேம்மா?"

"அடுத்தவ பையில கைய வுடச் சொல்றியா? நாளைக்கி ஒரு பொருளு கொறஞ்சா யாரு பதில் சொல்றது?"

மாவுக்கட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கையில் செருப்பையும் பார்த்தார்.

"ஏம்மா, கை ஒடைஞ்சவன் நிக்கிறேன். ஒம் பை ஒக்காந்துருக்கு. பெரியாஸ்பத்திரியிலேருந்து கட்டுப்போட்டு வரேன். அரை மணி நேரம்! பஸ் ஸ்டாண்டுல ஏறுனதுலேருந்து நிக்கிறேன்."

எனக்குக் குற்ற உணர்ச்சி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"ஏன் நின்னீங்க? பையத் தூக்கிக் கீழ வெச்சிட்டு ஒக்கார வேண்டியதுதானங்க?"

அவர் அதிர்ந்துபோனார். நான் ஏதோ கோயில் உண்டியலை உடைக்கச் சொன்ன மாதிரி.

"அதெப்புடி? பை போட்ருக்கே! ஆளு வரும்ல?"

"வரலியே! பஸ்சு கெளம்பியே போச்சே!"

"அதான் வந்துட்டியே" என்றார்.

பஸ்ஸே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பையை எடுத்துத் திறந்து பார்த்தேன். டிபன் பாக்ஸ் மூடி நெகிழ்ந்து, பிளாஸ்டிக் ஃபைலுக்குள் எண்ணெய் இறங்கியிருந்தது. பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியலின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். மற்றவையெல்லாம் பத்திரமாக இருந்தன. மாவுக்கட்டுக்காரர் என் கண் முன்னால்தான் அந்த சீட்டில் உட்கார்ந்தார். உட்காரும் முன்பு ஒரு தடவை என்னிடம் கேட்டார்.

"ஒக்காரலாம்ல?"

கண்டக்டர் மட்டும் டிக்கெட் மிஷினைத் தட்டிக்கொண்டு, "பைக்கு டிக்கெட் எடுக்கலயேம்மா" என்றார். நான் முறைத்த முறைப்பில் பேச்சை மாற்றி, "போன்ல கூப்புட்டது டைம் ஆபீசா? இந்தச் செண்டை மேளத்துல எங்க கேக்குது" என்றார்.

இறங்கினேன். கிடா அப்போதுதான் எழுந்து நின்றது. என் வேலை முடிந்தது என்று அதற்கும் தெரிந்திருக்கும்.

சாட்சி சொன்ன எலுமிச்சம்பழம்

திரும்ப நடந்து, பெரம்பலூர் ரோட்டில் நெரிசலில் நின்றுகொண்டிருந்த இன்னொரு பஸ்ஸில் ஏறினேன். பையை மார்போடு அணைத்துக்கொண்டு கடைசி வரை நின்றே போனேன். இடம் இருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன். அன்றைக்கு எந்த சீட்டையும் நம்பும் நிலையில் நான் இல்லை.

பெரம்பலூர் மட்டும் சளைத்த ஊரா? ஊருக்கு நடுவில் எல்லா ரோடும் ஒன்றையொன்று பார்த்துக் கும்பிடு போட்டுக்கொண்டு நிற்கும். சென்னை போகிறவன், துறையூர் போகிறவன், வாலிகண்டபுரம் போகிறவன், பக்கத்துக் கடையில் பால் வாங்க பைக்கில் வந்தவன் எல்லோரும் ஒரே ரவுண்டானாவில் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். அங்கே அரை மணி நேரம் நின்றோம். அலுவலகத்தில் நுழையும்போது பதினொன்றரை. வெறுங்கால். செருப்பு கையில்தான். முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

உள்ளே இருபது பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மேஜை காலி.

"ஆரம்பிக்கலயா?" என்றேன்.

"ஆபீசருங்க ஜீப்பு ரவுண்டானாவுல மாட்டிக்கிச்சாம்" என்றாள் ஒருத்தி.

பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள். அவர்களில் பெரியவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நேரம் தவறாமையைப் பற்றி எங்களுக்கு ஐந்து நிமிடம் பேசினார். யாரும் சிரிக்கவில்லை. வேலை முக்கியம்.

என் முறை வந்தது. பன்னிரண்டாவது பட்டியலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது என்னம்மா மஞ்சளா?"

"எலுமிச்சம்பழச் சாதம் சார்."

"இதுல போட்டா சாப்புட்ட?"

நடந்ததைச் சொன்னேன். கிடா வரைக்கும் சொன்னேன். அவர் பட்டியலை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்று அதன் பின்பக்கத்தில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். அந்த மஞ்சள் இன்னும் இருக்கிறது. பச்சை மை லேசாக மங்கிவிட்டது. எலுமிச்சம்பழச் சாதம் மங்கவில்லை.

அந்த நெரிசலுக்கு நான் நன்றிக்கடன் பட்டவள் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். "லாரி நின்னதாலதாண்டி ஒனக்கு வேல" என்பார். நன்றியாவது! நெரிசல் இல்லையென்றால் பஸ் நேரத்துக்கு வந்திருக்கும். போர்டை மாற்றியிருக்க மாட்டார்கள். நானும் என் பையும் ஒரே ஊருக்குப் போயிருப்போம். வீட்டுக்குத் தீ வைத்தவனே ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தால் அவனுக்கு மாலை போட முடியாது.

நீலக் கட்டம்

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அதே அரியலூர் – பெரம்பலூர் ரோட்டில்தான் போய் வருகிறேன். ரோட்டை அகலப்படுத்தினார்கள். அகலப்படுத்திய இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். பஸ் கூடியிருக்கிறது என்கிறார்கள். பஸ்ஸுக்கு முன்னால் நிற்பவையும் கூடியிருக்கின்றன. நான் எழுதிய மனுக்கள் எல்லாம் ஏதோ ஒரு மேஜையில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும். ஆள் வரவில்லை.

என் முழங்கால் இப்போது தகராறு செய்கிறது. இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் நின்றால் ஊசி குத்தும்.

போன மாதம் ஒரு நாள் காலை. பஸ்ஸில் ஏறினேன். வழக்கம்போல் கூட்டம். ஒரே ஒரு ஜன்னல் சீட் காலியாக இருந்தது. அதில் நீலக் கட்டம் போட்ட ஒரு கைக்குட்டை. புதுசுகூட இல்லை. ஓரம் பிரிந்திருந்தது.

பக்கத்தில் நின்றேன். பஸ் கிளம்பியது. ஆள் வரவில்லை. ஊரைத் தாண்டியது. ஆள் வரவில்லை. கைக்குட்டையைப் போட்டவன் வேறு பஸ்ஸில் ஏறிப் போயிருப்பான், அல்லது இறங்கி வீட்டுக்கே போயிருப்பான் என்று அந்த பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அந்த சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பாதி வழியில், பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பெண் என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். வலி முகத்தில் தெரிந்திருக்கும்.

"ஆன்ட்டி, அந்த கர்ச்சீப்ப எடுத்துட்டு ஒக்காருங்க. யாரும் வரல."

கை நீட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், கைக்குட்டையின் நுனியைத் தொட்டும் விட்டேன். அப்புறம் கையை எடுத்து மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லம்மா. ஆளு வருது."

"எங்க ஆன்ட்டி வருது? அரியலூர வுட்டே அரை மணி நேரமாச்சு!"

ஜன்னல் வழியாகப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ரோடு நெடுக லாரி.

"டிராஃபிக்ல மாட்டிக்கிட்டிருக்கும்" என்றேன்.